முட்டை, டப்பா, குளுக்கோஸ் பாட்டில்: பயிற்சி செய்பவர்களின் சாப்பாட்டுக் கேள்விகள்

கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் உணவு பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு கட்டம் போட்டாலும் போட்டார், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்தக் கம்பெனி புரோட்டீன் பவுடர் நல்லது? கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. மதுரையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக 400 மீட்டர் ஓடியவள். பவுடர் டப்பாவோடு என் அறைக்குள் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்பதைத்தான். இங்கேயும் அப்படித்தான் ஆரம்பிக்கப்போகிறேன். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

வயது 22, எடை 68 கிலோ. ஊர் கபடி அணியில் ரெய்டர். பகலில் சிமெண்ட் கடையில் லோடு இறக்குகிறேன், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. புரோட்டீன் பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது என்கிறார் கோச். டப்பா மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா? சீனியர் அண்ணன்கள் பச்சை முட்டை குடிக்கச் சொல்கிறார்கள். என் சாப்பாடு: காலை 4 இட்லி, மதியம் சோறு சாம்பார் பொரியல், மாலை டீ பன், இரவு 3 தோசை. ஞாயிறு மட்டும் கறி. (மன்னார்குடி)

சாப்பாட்டையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்கு முதல் இடம் தம்பி. கணக்குப் போட்டுவிடலாம்.

கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்று விளையாட்டு உணவியலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நடுவாக 1.6 என்று வைத்தால் உங்களுக்குச் சுமார் 110 கிராம். இப்போது சாப்பிடுவதில் எவ்வளவு வருகிறது? இட்லிக்கு 2 கிராம் வீதம் 8. மதியச் சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் சேர்த்து 18 போல. தோசை மூன்றுக்கு 9 அல்லது 10. சட்னி, டீ, பன் எல்லாம் கூட்டினால் இன்னொரு 6. மொத்தம் 42 பக்கம் நிற்கிறது, பாதிகூட இல்லை. புரதம் போதவில்லை என்று உங்கள் கோச் சொன்னது சரி. அது டப்பாவில்தான் கிடைக்கும் என்றாரே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவித்த முட்டை நான்கு, 24 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டர், 16. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கலந்து இரண்டு கைப்பிடி, அதாவது 50 கிராம், 11. காய்ந்த சோயா உருண்டை 30 கிராம் ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் 15. இவ்வளவும் சேர்ந்து 66. பழைய 42-ஐக் கூட்டுங்கள், 108 வந்துவிட்டது. மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் சோயாவை விட்டுவிட்டு மத்தி வாங்குங்கள். 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், கூடவே ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் டியும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று உடம்பு ஒருநாளும் கேட்டதில்லை. விலையை உங்கள் ஊர்க் கடைக் கணக்கில் நீங்களே கூட்டிப்பார்த்து, டப்பாவின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ராத்திரி ஒரே வேளையில் அடைக்காதீர்கள். வேளைக்கு 20 கிராம், அதிகம் போனால் 30 என்று நாலு வேளையாகப் பிரித்தால் தசைக்கு நன்றாகப் பயன்படும். காலை இட்லியோடு இரண்டு முட்டை, பயிற்சி முடிந்ததும் பாலும் கடலையும் என்று பழக்கப்படுத்துங்கள்.

இன்னொன்று, புரதம் புரதம் என்று சொல்லிச் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். மூட்டை தூக்கி, அதற்கு மேல் ரெய்டும் போகிறவருக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும். அது குறைந்தால் உடம்பு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதத்தையே எரித்துத் தீர்த்துவிடும்.

நம் ஊர் கபடியில் எனக்குப் பெரிய மனக்குறை ராத்திரி டோர்னமெண்ட்தான். பத்து மணிக்கு முதல் ஆட்டம், விடியற்காலை நாலு மணிக்கு ஃபைனல், இடையில் பரோட்டாவும் சால்னாவும். எண்ணெய் மிதக்கிற சால்னா வயிற்றை விட்டு இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் உங்களை மறுபடி கோட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் போதும். நேரம் இருந்தால் இட்லி. பரோட்டாவைக் கோப்பை வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பச்சை முட்டை வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் ஜீரணமாகிறது. பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான். அண்ணன்கள் நாலு முட்டை குடித்து இரண்டு முட்டைப் பலன் பெறுகிறார்கள். சால்மோனெல்லா கிருமி வேறு. வெள்ளைக்கருவில் உள்ள ஏவிடின் என்ற பொருள், வேகாமல் உள்ளே போனால் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் பவுடரே கூடாதா? கூடாது என்று சொல்லவில்லை. வே புரோட்டீன் என்பது சீஸ் செய்யும்போது பிரிகிற பால் தண்ணீரை உலரவைத்த பொருள். ஒரு ஸ்கூப்பில் 24, 25 கிராம் புரதம் இருக்கும், சீக்கிரம் ஜீரணமாகும், கெட்டுப்போகாது. வெளியூர் முகாமில் முட்டை கிடைக்காதவர்களுக்கும், முட்டையும் சாப்பிடாத சைவக்காரர்களுக்கும் சௌகரியமான பொருள். சாப்பாட்டைச் சரிசெய்து மூன்று மாதம் பாருங்கள். அதன்பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடச் சொல்கிறார் ஜிம் மாஸ்டர். (ஈரோடு)

முட்டையின் புரதத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாமும் அதில்தான். கொலஸ்ட்ரால் பிரச்சினை என்று டாக்டர் சொல்லியிருந்தால் அது வேறு கதை. இல்லையென்றால் முழு முட்டையாகச் சாப்பிடுங்கள். தூக்கிப் போடுகிற மஞ்சளுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்?

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 3,000 மீட்டரில் மாவட்ட அளவில் முதலிடம். எடை 42 கிலோ. நாலைந்து மாதமாக நேரம் மோசமாகிக்கொண்டே வருகிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறாள். மாதவிடாயும் நின்றுவிட்டதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். "நன்றாகப் பயிற்சி செய்கிற பெண்களுக்கு அப்படித்தான், நல்ல அறிகுறி" என்கிறார் வேறொரு பயிற்சியாளர். இரும்புச்சத்து டானிக் வாங்கித் தரட்டுமா? (தருமபுரி மாவட்டம்)

சார், அது நல்ல அறிகுறி இல்லை. அந்தப் பயிற்சியாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும். அவளுக்கு அதைத் தாண்டிவிட்டது.

பல காரணம் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். ஆனால் ஓட்டக்காரப் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காரணம், ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாமை. சம்பளம் குறைந்த வீட்டில் அரிசி பருப்பை விட்டுவிட்டு மற்ற செலவை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள் இல்லையா, உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம், மூளை ஓடியாகவேண்டும். மாதவிடாய், எலும்பு வளர்ச்சி, நோய் எதிர்ப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது; ஆண்களுக்கும் இது வரும் என்பதையும் அதில் சேர்த்துச் சொன்னது. வளரும் வயதில் எலும்புக்குக் கிடைக்காமல் போனதை இருபத்தைந்து வயதில் பால் குடித்து ஈடுகட்ட முடியாது. ஒன்றுமில்லாத காரணத்துக்குக் காலெலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும் இப்படித்தான்.

அவளுடைய ஒரு நாளை நீங்கள் எழுதியிருக்கவில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு டம்ளர் டீ. மைதானம். ஏழரைக்கு வீட்டுக்கு ஓடிக் குளித்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு தோசை அல்லது அதுவும் இல்லை. மதியம் சத்துணவு. சாயங்காலம் மறுபடி மைதானம். சரியாகச் சாப்பிட உட்காருவது ராத்திரி எட்டரைக்கு. ஓடுவதற்குக் கிலோமீட்டருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கலோரி செலவு என்று தோராயமாகச் சொல்லலாம். 42 கிலோப் பெண் பத்து கிலோமீட்டர் ஓடினால் 420 கலோரி. அது ஏழு இட்லி. வளரும் பிள்ளைக்கு ஏற்கெனவே வேண்டியதற்கு மேல் இந்த ஏழு இட்லி, தினமும். வீட்டில் யாராவது அவள் தட்டில் அதைக் கூடுதலாக வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

செய்யவேண்டியது: மைதானத்துக்கு வருமுன் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ, டீ மட்டும் கூடாது. காலைப் பயிற்சி முடிந்த இடத்திலேயே ஏதாவது சாப்பிடவேண்டும். உங்களால் முடிந்தால் பள்ளியில் ஒரு டப்பாவில் கடலை மிட்டாயும் பொட்டுக்கடலை மாவும் வைத்துவிடுங்கள். சத்துணவு முட்டையை அவள் தோழிக்குக் கொடுக்காமல் சாப்பிடுகிறாளா என்று கவனியுங்கள். வாசனை பிடிக்கவில்லை என்று கொடுத்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. மாலை கேழ்வரகுக் கூழோ களியோ. தருமபுரியில் இருந்துகொண்டு கேழ்வரகுக்கு நான் சிபாரிசு செய்யவேண்டியதில்லை, கால்சியத்தில் அதற்கு நிகரான தானியம் வேறில்லை. மாதவிடாய் திரும்பும் வரை ஓட்டத்தின் தூரத்தைக் குறைக்கவேண்டும், போட்டி இரண்டு தவறினாலும் பரவாயில்லை.

இப்போது இரும்புக்கு வருவோம். டானிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தராதீர்கள். ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று விளையாட்டு மருத்துவர்கள் பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டக்காரர்களுக்கு அப்போதே களைப்பு தெரியும். பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீலநிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்கினாலே பல பிள்ளைகளுக்கு நல்லது. பூச்சி மாத்திரையும் வருஷம் இரண்டு தடவை. கீரையில் இருக்கிற இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிவையுங்கள். ஆட்டு ஈரல் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் ஒருநாள் போதும்.

கடைசியாக ஒன்று. அவள் உங்களிடம் சொல்லவில்லை, உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனைக்கும் அவரே அவளோடும் அவள் அம்மாவோடும் போகட்டும்.

வாலிபால் ஆடுகிறேன். வெயிலில் நாள் முழுக்க டோர்னமெண்ட் முடிந்ததும் எங்கள் அணியில் எல்லோரும் கிளினிக்கில் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வோம். உடனே தெம்பு வருகிறது. தவறா? (தூத்துக்குடி)

பாட்டிலை ஒருநாள் திருப்பிப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், 500 மில்லி. அதாவது 25 கிராம் சர்க்கரை. ஒரு நல்ல வாழைப்பழத்தில் அவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது. தெம்பு வந்தது ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் படுத்திருந்ததால் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பில் எதை ஏற்றினாலும், அது வெறும் குளுக்கோஸ் தண்ணீராக இருந்தாலும், தடைசெய்யப்பட்ட முறை. மருத்துவமனையில் முறையாகச் சேர்ந்து சிகிச்சை பெறுவது, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றதற்கு முன் அனுமதி வேண்டும். கிளினிக்கில் பெஞ்சில் படுத்து ஏற்றிக்கொள்வது இதில் எதிலும் சேராது. மாநில அணிக்கு ஆடினால் உங்கள் வாழ்க்கையே போய்விடும். அதே கிளினிக்கில் 'வலிக்கு ஒண்ணு' என்று போடுகிற ஊசியில் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் சிக்கல். 2022 ஜனவரி முதல், எந்த இடத்தில் போட்டாலும், போட்டிக் காலத்தில் அந்த ஊசிகள் தடைப்பட்டியலில் இருக்கின்றன.

வியர்வைக்குக் கணக்கு சுலபம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போகவேண்டும், உப்போடு. மோரில் உப்பு, எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும், இல்லையென்றால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சடித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம்; லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம்; வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரோடு உப்புக்கடலை கொறியுங்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது, ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள் அதில் முக்கியமானவர்கள்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கவேண்டும், எனக்கு 7:40 ஆகிறது. நண்பன் ஒரு ப்ரீ-ஒர்க்கவுட் பவுடர் கொடுத்தான். குடித்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. பழகினால் சரியாகிவிடுமா? (விருதுநகர்)

பழகவே வேண்டாம். படபடப்பு கஃபீனால்தான். ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் போடுகிறார்கள். ஒரு டம்ளர் ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபியில் 100 மில்லிகிராம் அக்கம்பக்கம் இருக்கும். கஃபீன் வேலை செய்யும் என்பது உண்மை. 2004-இலேயே அதைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பவுடர்களில் கஃபீனோடு நிற்பதில்லை. மெத்தில்ஹெக்ஸனமின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் ஜெரேனியம் சாறு என்ற சாதுவான பெயரில் லேபிளில் ஒளிந்திருந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்பு இந்திய வீரர்கள் பலர் மாட்டியது அதில்தான்.

உங்களுக்கு வேண்டியது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இது பயிற்சியில் வருகிற வேகம். வாரத்தில் ஒருநாள் 300 மீட்டரை 80 விநாடியில் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள், ஆறு தடவை. தேர்வன்று இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, ஒரு மணி நேரம் முன்பு, பழக்கம் உண்டென்றால், ஒரு காபி. பழக்கமில்லாத எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

மாநில அளவில் ஓடுகிறேன். பவுடர் டப்பாவைக் காட்டி, "ஒரிஜினல் சரக்கு, ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொல்கிறார். அதுபோதுமா? (கோயம்புத்தூர்)

போலி இல்லை என்பதற்கு வேண்டுமானால் போதும். ஒரிஜினல் டப்பாவிலேயே லேபிளில் எழுதாதது இருக்கலாம் என்பதுதான் பிரச்சினை. 2000, 2001-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் 634 சப்ளிமென்ட்டுகளை வாங்கிச் சோதித்தது. ஹார்மோன் எதுவும் இருப்பதாகச் சொல்லாத பொருள்கள் எல்லாம். 94-இல், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15-இல், ஸ்டீராய்டு வகைச் சரக்கு இருந்தது.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2010-இல் காமன்வெல்த்திலும் ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சிலர் அடுத்த ஆண்டே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையிலிருந்து வந்தது என்றார்கள். இந்தியக் குழு அதை ஏற்று ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டு ஆண்டாக்கியது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே செல்லாது. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீங்களே பொறுப்பு.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் உணவுச் சட்டப்படி உரிமம் உண்டு என்று பொருள், ஊக்கமருந்துச் சோதனை செய்தார்கள் என்று பொருளில்லை. 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்', 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' போன்ற முத்திரை உள்ளதாகப் பாருங்கள். முதலாவதில் ஒவ்வொரு பேட்சும் சோதிக்கப்படுகிறது, அந்த எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். காலி டப்பாவை உடனே எறியாதீர்கள். மூலிகை, லேகியம், பஸ்பம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு: ஜின்செங்கும் மூலிகைதான்.

கிரியேட்டின் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமா? (சேலம்)

ஆரோக்கியமான கிட்னி உள்ள பெரியவருக்குப் போகாது. நன்றாக ஆராயப்பட்ட சப்ளிமென்ட் அது. பளு தூக்குதல், குறுகிய வேக ஓட்டம் மாதிரி திரும்பத் திரும்ப வெடித்துக் கிளம்பவேண்டிய விளையாட்டுகளுக்குப் பலன் தெரியும். மாரத்தான்காரருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண மோனோஹைட்ரேட், நாளுக்கு 3 முதல் 5 கிராம். 'லோடிங்' என்று நாளுக்கு 20 கிராம் போடவேண்டிய அவசியமில்லை. மூன்று நாலு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். தசையில் தண்ணீர் சேர்வதால் எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடும். ரத்தப் பரிசோதனையில், கிட்னியின் நிலையை அறியப் பார்க்கிற 'கிரியேட்டினின்' என்ற அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

குத்துச்சண்டை. எடை பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு நாளில் 3 கிலோ குறைக்கவேண்டும். தண்ணீரை நிறுத்திவிட்டு ஸ்வெட்டர் போட்டு ஓடச் சொல்கிறார்கள். (ராயபுரம், சென்னை)

செய்யாதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் ஒருமாத இடைவெளியில் இறந்துபோனது இப்படித்தான். சூடான அறையில், வியர்வை வெளியேறாத உடையில் பயிற்சி செய்து எடை குறைத்தவர்கள். உலகத்தரமான மருத்துவர்களும் உணவு நிபுணரும் பக்கத்தில் இருந்தும் 2024 பாரிஸில் வினேஷ் போகத்துக்கு 100 கிராம் மிஞ்சியது. முடியை வெட்டிப் பார்த்தும் போகவில்லை. ஃபைனலே போனது.

இந்தப் போட்டிக்கு மேல் பிரிவில் பதிந்து சண்டை போடுங்கள். அடுத்ததற்கு ஆறு வாரம் முன்பே ஆரம்பித்து வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இறக்குங்கள். எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரையையும் குறைத்து, முட்டை மீனைக் கூட்டி. உங்கள் உடம்பு அந்தப் பிரிவுக்குரியது இல்லை என்றால் ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

கால்பந்து ஆடுகிறேன். ரமலானில் பயிற்சியை விடாமல் இருக்க என்ன செய்யலாம்? (காயல்பட்டினம்)

கடும் பயிற்சியை நோன்பு திறந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தராவீஹ் தொழுகைக்குப் பின் ஆடுகிறவர்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். மாலையில்தான் மைதானம் கிடைக்கும் என்றால் திறப்பதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில் லேசான பந்துப் பயிற்சி மட்டும். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி என்ற வரிசை அருமையானது: சர்க்கரை, நீர், உப்பு மூன்றும் வந்துவிடுகிறது. கஞ்சியில் கறி கொஞ்சம் தாராளமாக விழட்டும். வடை, சமோசா ஒன்றோடு நிறுத்துங்கள். இரவு முழுக்கத் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹரில் முட்டையும் தயிரும் கட்டாயம்.

மகனுக்கு 12 வயது, பேட்மிண்டன். புரோட்டீன் பவுடர் கேட்டு அடம்பிடிக்கிறான். (திருச்சி)

அவன் கேட்பது பவுடரை இல்லை அம்மா, கூட ஆடுகிற பையன் வைத்திருக்கிற ஷேக்கர் பாட்டிலை. அதை வாங்கி அதில் பாலும் வாழைப்பழமும் அடித்துக் கொடுங்கள்.

பழைய சோறு சாப்பிட்டாலே போதும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார் தாத்தா. நான் தடகளம். (தஞ்சாவூர்)

தாத்தா முக்கால்வாசி சரி. வெயில் காலத்துப் பயிற்சிக்கு மாவுச்சத்து, தண்ணீர், உப்பு மூன்றும் ஒரே சட்டியில் இருக்கிறது, வயிற்றுக்கும் இதம். புரதம்தான் குறைவு. கெட்டித் தயிரை ஊற்றிப் பிசையுங்கள், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடோ அவித்த மொச்சையோ முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். சின்ன வெங்காயத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. தொடர் ஓட்டத்தில் உங்களிடம் கோலை வாங்குகிறவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.